ஃபோல்டர் குலையாமல் மின்னஞ்சலை இறக்கி வைப்பது: கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அலுவலகங்களின் பழைய மின்னஞ்சல்களை இறக்கி அடுக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கேளுங்கள். கரண்ட் இருக்கும்வரை எழுதுகிறேன்.

செங்கலடியிலிருந்து ஓர் ஆசிரியை: சேர், ஜிமெயிலில் பதினொரு வருட மடல்கள். நாற்பது ஃபோல்டர். கணக்கில் உள்ளதையெல்லாம் இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் போட்டால் ஒரே ஒரு பெரிய ஃபைல்தான் வந்தது. ஃபோல்டர்கள் எங்கே போயின?

பயப்படாதீர்கள் ரீச்சர், ஒன்றும் தொலையவில்லை. ஜிமெயிலில் இருப்பது ஃபோல்டரே அல்ல, லேபிள். ஒரே மடலில் மூன்று லேபிள் ஒட்டலாம். மடல் என்னவோ ஒன்றுதான். டேக்அவுட் எல்லாவற்றையும் ஒரே எம்பாக்ஸ் ஃபைலில் கொட்டி, ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் 'எக்ஸ்-ஜிமெயில்-லேபிள்ஸ்' என்று ஒரு வரி எழுதிவிடும். உங்கள் நாற்பதும் அந்த வரிகளுக்குள் கிடக்கின்றன. ஆனால் கணினியில் மடல் வாசிக்கும் மென்பொருளான தண்டர்பேர்ட் அந்த வரியைப் படித்துப் பிரித்துத் தராது.

ஆகவே வேறு வழி. தண்டர்பேர்டில் கணக்கை ஐமேப்பில், அதாவது சேர்வரில் உள்ள ஃபோல்டர்களோடு காட்டும் முறையில், இணையுங்கள். எல்லா மடலையும் கணினியில் வைத்திருக்கும்படி டிக் செய்து, இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒவ்வொரு ஃபோல்டராக, கணினிக்குள்ளேயே இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதற்குள் இழுத்துப் போடுங்கள். உள்ஃபோல்டர்களும் கூடவே வரும். எல்லா மடலையும் ஒன்றாகக் காட்டும் 'ஆல் மெயில்' என்பதை இழுக்க வேண்டாம், எல்லாம் இரட்டிப்பாகும். லேபிள் ஒட்டாமல் ஆர்கைவ் செய்த, அதாவது இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கிய, மடல்கள் அதில் மட்டும்தான் இருக்கும், உண்மைதான். அவற்றுக்காகத்தான் அந்த டேக்அவுட் ஃபைலையும் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், எண்ணிப் பாருங்கள். ஃபோல்டருக்கு ஃபோல்டர், அங்கே எத்தனை, இங்கே எத்தனை. ஜிமெயிலில் உரையாடலாகத் தொகுத்துக் காட்டுவதை நிறுத்திவிட்டு எண்ணுங்கள். இல்லாவிட்டால் பத்து மடல் ஒன்றாகத் தெரியும். எண்ணாமல் எதையும் அழிக்காதீர்கள்.

காத்தான்குடி: அண்ணன், அவுட்லுக்கின் ஓஎஸ்டி ஃபைலைக் காப்பி எடுத்து வைத்தேன். போதும்தானே?

போதாது தம்பி. ஓஎஸ்டி என்பது சேர்வரில் இருப்பதன் நிழல். இன்னொரு கணினியின் அவுட்லுக் அதைத் திறக்காது. வேறு கணினியின் அவுட்லுக்கிலும் திறக்கக்கூடிய பிஎஸ்டி ஃபைலாக ஏற்றுமதி செய்யுங்கள். உள்ஃபோல்டர்களையும் சேர் என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். 2 பிரதி எடுத்து, ஒன்றைக் கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டில் வையுங்கள். 2004 டிசம்பர் 26 இல் கணினியும் பேக்கப்பும் ஒரே மேசையில் நனைந்ததைப் பார்த்தவன் நான்.

அக்கரைப்பற்று: பாப் முறையில் இறக்கினேன். இன்பாக்ஸ் மட்டும் வந்தது.

பாப்புக்கு ஃபோல்டர் என்றால் என்னவென்றே தெரியாது. ஐமேப்.

கல்முனை: ஐயா, இந்தக் காலத்தில் ஃபோல்டர் எதற்கு? தேடினால் வந்துவிடுமே.

இதைக் கேட்காமல் ஒரு நாளும் போவதில்லை. சுனாமிக்குப் பிறகு கிணறு கட்டிக் கொடுத்த ஓர் அலுவலகத்தின் மடல்களை நான் இறக்கினேன். 2006இல் வந்த ஒரு மடல். தலைப்பு இல்லை. உள்ளே ஒரே வரி: 'ஓம், செய்யுங்கோ.' கிணறு என்ற சொல் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, தொகை இல்லை. அது கிடந்த ஃபோல்டர் 'பெரியகல்லாறு', அதற்குள் 'கிணறு', அதற்குள் 'இரண்டாம் தவணை'. அந்த ஒரு வரிதான் அனுமதிக் கடிதம். ஃபோல்டரை எடுத்துவிட்டால் யாருக்கு, எதற்கு ஓம் சொன்னார்கள்? நீங்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவீர்கள்?

கல்முனை: திகதியை வைத்துத் தேடலாமே.

திகதி தெரிந்தவன் ஏன் தேடுகிறான்?

மருதமுனை: இடையில் வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் 'பலதும்' என்று ஒரு ஃபோல்டர். 4,000 மடல். அதைக் காப்பாற்றி என்ன பயன்?

அதில் கல்முனைத் தம்பி சொல்வதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். 'பலதும்' ஒரு ஃபோல்டர் அல்ல, குப்பைக்கூடை. என்றாலும் அப்படியே இறக்குங்கள். இறக்கும்போது அடுக்கத் தொடங்கினால் இரண்டும் கெடும்.

கல்முனை: உங்களுக்கு ஃபோல்டர் பைத்தியம் ஐயா. என் இன்பாக்ஸில் 31,000 மடல், ஒரு ஃபோல்டரும் இல்லை. சுகமாக இருக்கிறேன்.

ஓம், பைத்தியம்தான். ஃபோல்டரே இல்லாதவருக்குக் குலைய என்ன இருக்கிறது? டேக்அவுட் போட்டுவிட்டுப் படுங்கள்.

வாழைச்சேனை: தமிழில் பெயரிட்ட ஃபோல்டர்கள் & குறியில் தொடங்கும் கிறுக்கலாக மாறிவிட்டன. வைரஸா?

இல்லை. ஐமேப்பின் பழைய விதிப்படி ஆங்கிலம் அல்லாத பெயர்களை அப்படித்தான் மடித்து அனுப்புவார்கள். தண்டர்பேர்டுக்குள் பார்த்தால் தமிழாகவே தெரியும். டிஸ்க்கில் கையால் பெயர் மாற்றப் போகாதீர்கள். ஒரு மடலுக்கு ஒரு ஃபைலாக, ஈஎம்எல் வடிவில் எடுப்பதென்றால் நேரே டி டிரைவில் குட்டிப் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து அதற்குள் எடுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்ப் பாதை 260 எழுத்தைத் தொட்டால் விண்டோஸ் தகராறு பண்ணும்.

திருக்கோவில்: ஓஎஸ்டி ஃபைலை வைத்திருந்தால் போதுமா?

காத்தான்குடித் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள்.

ஏறாவூர்: காலமான வாப்பாவின் ஜிமெயில். கடவுச்சொல் தெரியாது.

அது என் கையில் இல்லை மகள். இறந்தவர்களின் கணக்குக்காகக் கூகுளிடமே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. 2 வருடம் யாரும் நுழையாத கணக்கை அவர்கள் அழிக்கலாம், சுணங்க வேண்டாம்.

களுவாஞ்சிகுடி: ஓஎஸ்டி...

போதாது.

செங்கலடி ஆசிரியை: சேர், சின்ன ஃபோல்டர் ஒன்றை இப்போதே இழுத்து எண்ணிப் பார்த்தேன். 'பரீட்சை' அங்கே 1,204, இங்கே 1,198.

இறங்கி முடியுமுன் இழுத்திருப்பீர்கள். காலையில் மறுபடி இழுங்கள். அப்போதும் 6 குறைந்தால் டேக்அவுட் ஃபைலில் தேடுவோம். அதுவரை ஜிமெயிலில் கை வைக்காதீர்கள் ரீச்சர்.