ஃபோர்டு என்ற பெயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், மறைமலைநகரில் மூடிக் கிடக்கும் ஃபோர்டு ஆலையில் எஞ்சின் உற்பத்தி தொடங்கவிருக்கும் செய்தியையொட்டி நான்கு வரிக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால், இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு நிறுவனத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மோட்டார் காரைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஃபோர்டு என்றுதான் நான் பள்ளியில் படித்தேன். என் பேரனோ அது ஜெர்மானியர் ஒருவர் என்கிறான். யார் சொல்வது சரி? (கும்பகோணம் வாசகர்)

பதில்: பேரன் சொல்வதுதான் சரி. பெட்ரோலில் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஹென்றி ஃபோர்டு தம்முடைய முதல் வண்டியை, நான்கு சைக்கிள் சக்கரங்களைப் பூட்டி, அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் தாம் குடியிருந்த வீட்டின் பின்கொட்டகையில் செய்து முடித்தது 1896 ஜூனில்தான். வண்டி தயாரான பிறகு பார்த்தால், கொட்டகைக் கதவு அதைவிடக் குறுகலாக இருந்தது. கோடரியால் செங்கற்சுவரை இடித்துத்தான் வெளியே கொண்டுவந்தார். அவர் தொடங்கிய முதல் நிறுவனம் மூடப்பட்டது. இரண்டாவது நிறுவனத்திலிருந்து முதலீட்டாளர்களோடு பிணங்கிக்கொண்டு வெளியேறினார். அவர் விட்டுவிட்டுப் போன அந்த நிறுவனமே பிறகு காடிலாக் என்று பெயர் மாறி, ஃபோர்டின் நிரந்தரப் போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸின் குடையின்கீழ்ப் போய்ச் சேர்ந்தது என்பது வேடிக்கை.

இன்றுள்ள நிறுவனம் மூன்றாவது முயற்சி. 28,000 டாலர் ரொக்கத்தோடு 1903 ஜூன் 16 அன்று அது பதிவானது. ஒரே மாதத்தில் கையிருப்பு 223 டாலராகக் கரைந்திருந்த வேளையில், சிகாகோ பல் மருத்துவர் ஒருவர் முதல் காரை 850 டாலருக்கு வாங்கி அதன் மூச்சைக் காப்பாற்றினார்.

ஃபோர்டின் சாதனை காரைக் கண்டுபிடித்ததில் இல்லை, அதன் விலையில் இருக்கிறது. 1908-ல் வந்த மாடல் டி அன்றைக்குச் சுமார் 850 டாலர். 1920-களின் நடுவில் அதே காரின் மலிவு வகை 300 டாலருக்கும் கீழே கிடைத்தது. சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில், கொக்கியில் தொங்கியபடி நகரும் விலங்குடலை ஒவ்வொரு தொழிலாளியும் ஒவ்வொரு வெட்டாக வெட்டிப் பிரிப்பதைப் பார்த்து, அந்த வேலையைத் தலைகீழாக்கி, நகரும் அடிச்சட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாகமாகச் சேர்க்கும் அசெம்பிளி லைனை 1913-ல் ஹைலண்ட் பார்க் ஆலையில் அமைத்தார்கள். அதுவரை ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை, அடுத்த ஆண்டிலேயே 93 நிமிடங்களில் முடிந்தது. 1927-ல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் வெளிவந்திருந்தன.

கேள்வி: தொழிலாளிக்கு ஒரே நாளில் கூலியை இரட்டிப்பாக்கிய வள்ளல் என்று ஹென்றி ஃபோர்டைப் பற்றி மேடைகளில் பேசுகிறார்களே? (திருப்பூர் வாசகர்)

பதில்: கூலி இரட்டிப்பானது உண்மை, வள்ளல் என்ற சொல்தான் பொருந்தவில்லை. அசெம்பிளி லைன் வந்ததும் வேலை, நாள் முழுவதும் ஒரே திருகை ஒரே விதமாகத் திருகுவதாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சலிப்பைத் தாங்காமல் ஆட்கள் வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தார்கள். 1913-ல் 14,000 பேர் கொண்ட ஆலையை ஓட்டுவதற்கு அந்த ஓர் ஆண்டில் மட்டும் 52,000-க்கும் மேற்பட்டோரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துவோருக்கு இந்தத் தலைவலியை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே 1914 ஜனவரி 5 அன்று, ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலராக இருந்த கூலியை, எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள். மறுநாள் முதல் கடுங்குளிரில் ஆலை வாசலில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கையும் மளமளவென்று குறைந்தது.

அந்த 5 டாலரில் ஏறத்தாழப் பாதி கூலி. மீதி, இலாபப் பங்கு. அந்தப் பங்கைப் பெற வேண்டுமானால் தொழிலாளி ஒழுக்கமாக வாழ்கிறான் என்று நிறுவனம் நம்ப வேண்டும். இதற்கென்றே அமைந்த ஒரு துறையின் ஆட்கள் வீடு வீடாகச் சென்று, குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா, வீட்டில் வெளியாட்களை வாடகைக்குக் குடிவைத்திருக்கிறானா என்றெல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் பெண்களுக்கு இந்தப் பங்கு கிடையாது.

பின்னாளில் நடந்தது இதைவிடக் கசப்பானது. பெருமந்தத்தின்போது, 1932 மார்ச் 7 அன்று, டியர்பார்னில் உள்ள ரூஜ் ஆலையை நோக்கி வேலை கேட்டு ஊர்வலமாக வந்தவர்கள்மீது போலீசாரும் ஆலையின் காவலர்களும் சுட்டதில் நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். ஐந்தாமவர் பிறகு இறந்தார். 1937-ல் அதே ஆலையின் நடைபாலத்தில் துண்டறிக்கை கொடுக்க வந்த மோட்டார் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தரையும் தோழர்களையும் நிறுவனத்தின் அடியாட்கள் புகைப்படக்காரர்களின் கண்முன்னே அடித்து உதைத்தார்கள்; படங்கள் நாடெங்கும் வெளியாயின. ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 1937-லேயே சங்கத்தை ஏற்றுக்கொண்டுவிட, ஃபோர்டு அதனோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1941-ல்தான்.

கேள்வி: “மக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால், இன்னும் வேகமான குதிரை வேண்டும் என்றிருப்பார்கள்” என்ற ஃபோர்டின் பொன்மொழி எந்த நூலில் வருகிறது? (ஈரோடு வாசகர்)

பதில்: அவர் அப்படிச் சொன்னதற்கோ எழுதியதற்கோ சான்று எதுவும் கிடைக்கவில்லை. கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறத்திலும் கார் வாங்கிக்கொள்ளலாம் என்ற கிண்டல் மட்டும் அவருடைய 1922-ஆம் ஆண்டு தன்வரலாற்றிலேயே இருக்கிறது. ஆனால் 1908-ல் வந்த முதல் மாடல் டி கார்கள் கறுப்பு நிறத்தில் வரவில்லை.

கேள்வி: ஹிட்லர் இவரைப் போற்றினார் என்பது எதிரிகள் கட்டிய கதையா? (சிவகங்கை வாசகர்)

பதில்: கதை அன்று. தமக்குச் சொந்தமான ‘டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்’ என்ற வார இதழில், 1920 முதல் பல ஆண்டுகள் யூதர்களுக்கு எதிரான கட்டுரைகளை ஃபோர்டு வெளியிடச் செய்தார். ஃபோர்டு விற்பனையாளர்களே அந்த இதழைப் பரப்ப வேண்டியிருந்தது. கட்டுரைகள் நூலாகி, ஜெர்மன் மொழிக்கும் போயின. ஹிட்லர் தம் நூலில் பெயர் சொல்லிப் பாராட்டிய அமெரிக்கர் ஃபோர்டு. அவதூறு வழக்கு ஒன்றின் நெருக்கடியால் 1927-ல் ஃபோர்டு மன்னிப்பு அறிக்கை வெளியிட்டு இதழையும் நிறுத்தினார். ஆனால் 1938-ல் தம் 75-ஆம் பிறந்தநாளன்று நாஜி அரசு வழங்கிய பதக்கத்தை வாங்கி அணிந்துகொண்டவரின் மன்னிப்பு எவ்வளவு மனப்பூர்வமானது என்று நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அவருடைய நிறுவனம் வில்லோ ரன் ஆலையில் அமெரிக்க விமானப்படைக்கு மணிக்கு ஒன்று வீதம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்து தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர் என்று விலை போட்டு, அதைவிடக் காரைத் திருத்தும் செலவு அதிகம் என்பதால் ஆட்கள் எரிந்து சாகட்டும் என்று ஃபோர்டு விட்டுவிட்டதாக எங்கள் மேலாண்மைப் பேராசிரியர் வகுப்பில் கூறினார். நம்ப முடியவில்லை. (திருச்சி மாணவி)

பதில்: உங்கள் பேராசிரியர் சொன்னது பின்ட்டோ காரைப் பற்றி. அமெரிக்காவின் பல கல்லூரிகளிலும் இதை ஏறத்தாழ இப்படியேதான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஆவணங்களைப் பார்த்தால், கதையின் ஒரு பகுதி இடம் மாறி ஒட்டப்பட்டிருப்பது தெரியும்.

ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த சிறிய கார்களுக்குப் போட்டியாக, எடை 2,000 பவுண்டுக்குள், விலை 2,000 டாலருக்குள் என்ற இரட்டைக் கட்டளையோடு, நிறுவனத்தின் உயரதிகாரி லீ அயகோக்காவின் மேற்பார்வையில், வழக்கமான காலத்தைவிட மிகக் குறைந்த காலத்தில் உருவாக்கி 1971 மாடலாக விற்பனைக்கு விடப்பட்டது பின்ட்டோ. பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்கும் பின் பம்பருக்கும் இடையில் இருந்தது. பின்னாலிருந்து பலமாக மோதினால், டேங்க் முன்னே தள்ளப்பட்டு, அச்சிலுள்ள போல்ட்டுகள் அதைக் குத்திக் கிழித்துவிடும். நிறுவனம் தானே நடத்திய மோதல் சோதனைகளிலேயே இது வெளிப்பட்டது. தடுப்புத் தகடு போன்ற சில டாலர் செலவுள்ள மாற்றுவழிகளும் பேசப்பட்டன. செய்யவில்லை. 1972-ல் கலிபோர்னியாவில் நடந்த விபத்தில் காரோட்டிய பெண் இறந்தார், உடனிருந்த 13 வயதுச் சிறுவன் உடல் முழுதும் தீக்காயங்களோடு தப்பினான். அந்த வழக்கில் 1978-ல் ஜூரிகள் தண்டனைத் தொகையாக மட்டும் 12.5 கோடி டாலர் விதித்தார்கள். நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். அதே ஆண்டில் சுமார் 15 லட்சம் கார்களை நிறுவனம் திரும்பப் பெற்றது.

இனி அந்த 2 லட்சம் டாலர். அப்படியொரு கணக்குத்தாள் இருந்தது உண்மை. ஒரு வண்டிக்கு 11 டாலர் வீதம் 1.25 கோடி வண்டிகளைத் திருத்த 13.7 கோடி டாலர் செலவு. திருத்துவதால் தவிர்க்கப்படும் இறப்பு, காயம், எரியும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் மதிப்பு 4.95 கோடி டாலர் என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் அது பின்ட்டோவை வடிவமைத்தபோது எழுதப்பட்டதில்லை. வண்டி கவிழும்போது எரிபொருள் கசிவதைப் பற்றிய ஒரு புதிய விதியை எதிர்த்து, அமெரிக்காவில் விற்கும் எல்லா நிறுவனங்களின் வண்டிகளையும் கணக்கிலெடுத்து, அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கென்று 1973-ல் தயாரித்த தாள் அது. உயிருக்கு 2 லட்சம் என்ற மதிப்பும் அந்த நிர்வாகம் வகுத்த கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டது. பின்பக்க மோதலில் டேங்க் கிழிவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இதைச் சொல்வதால் நிறுவனத்துக்கு நற்சான்று கொடுப்பதாக எண்ண வேண்டாம். டேங்க் கிழியும் என்று சோதனையில் தெரிந்துகொண்டும் விற்றார்கள் என்பதற்கு அந்தத் தாள் தேவையே இல்லை. 1978-ல் இந்தியானா மாநிலத்தில் மூன்று பெண்கள் பின்ட்டோவில் எரிந்து இறந்தபோது, அம்மாநில அரசு நிறுவனத்தின்மீதே அலட்சியத்தால் உயிரிழப்பு விளைவித்ததாகக் குற்றவழக்குத் தொடர்ந்தது. 1980-ல் ஜூரிகள் விடுவித்துவிட்டார்கள். சட்டம் விடுவித்தாலும் அந்தப் பெயர் இன்றுவரை பாடத்திட்டத்தில் தண்டனை அனுபவிக்கிறது.

கேள்வி: 2008 நெருக்கடியில் அரசிடம் கையேந்தாத ஒரே அமெரிக்க கார் நிறுவனம் ஃபோர்டு என்பது சரியா? (சேலம் வாசகர்)

பதில்: பெருமளவு சரி, முழுவதும் சரியில்லை. 2006-ல் போயிங்கிலிருந்து தலைமைப் பொறுப்புக்கு வந்த ஆலன் முலாலி, வங்கிகள் இன்னும் கடன் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே, ஆலைகளோடு நீல நிற முட்டைவடிவச் சின்னத்தையும் அடகு வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். வீட்டுப் பத்திரத்தோடு தாலியையும் சேர்த்து வைத்ததற்கு ஒப்பான செயல் அது. ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008-ல் டாடாவுக்கு விற்றார்கள். 2009-ல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவாலாகி அரசின் பணத்தில் மீண்டபோது, ஃபோர்டு தன் காலிலேயே நின்றது. சின்னத்தை 2012-ல் மீட்டது. ஆனால் எரிபொருள் சிக்கனத் தொழில்நுட்பத்துக்கான அரசுத் திட்டத்தின்கீழ் 590 கோடி டாலர் கடன் வாங்கியது. போட்டியாளர்களுக்கு உதவும்படி நாடாளுமன்றத்தில் முலாலியே வாதாடவும் செய்தார். அவர்கள் விழுந்தால் மூவருக்கும் உதிரிப் பாகம் கொடுக்கும் நிறுவனங்களும் விழும் என்று அவருக்குத் தெரியும்.

கேள்வி: டெக்சாசிலுள்ள என் மகன் ஃபோர்டு வாங்கப்போகிறான். நம்பலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அங்கே ஃபோர்டு என்றால் இப்போது முதலில் பிக்கப் டிரக்தான். எஃப் வரிசை டிரக்குகள் 1977 முதல் அந்நாட்டின் அதிகம் விற்கும் டிரக்குகளாக இருந்து வருகின்றன. மஸ்டாங் தவிர மற்றக் கார்களை வட அமெரிக்காவில் கைவிடப்போவதாக நிறுவனமே 2018-ல் அறிவித்துவிட்டது. மறுபக்கம், ஃபோர்டு என்ற ஆங்கில எழுத்துகளை “தினமும் பழுது பார்” என்று விரித்துச் சிரிப்பது அங்கே பழைய வழக்கம். எக்ஸ்ப்ளோரர் வண்டியின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து வண்டிகள் கவிழ்ந்த விவகாரத்தில், 2000-ல் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இரண்டு நிறுவனர்களும் நண்பர்களாய்த் தொடங்கிய ஏறத்தாழ நூறாண்டு உறவு பழிசுமத்தலில் முறிந்தது. 2025-ல் நூறு தடவைக்கு மேல் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டு, ஓராண்டில் எந்த நிறுவனமும் எட்டாத எண்ணிக்கையை ஃபோர்டு எட்டியது. இவற்றுள் பல மென்பொருள் திருத்தங்களே. மகனை, வாங்கப்போகும் மாடலின் அறிவிப்புகளை அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: நல்ல வண்டி செய்தும் ஏன் இங்கே நிலைக்கவில்லை? என் ஃபிகோவை என்ன செய்வது? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: ஃபோர்டு இந்தியாவுக்கு முதலில் வந்தது 1926-ல், 1950-களில் போய்விட்டது. 1995-ல் மஹிந்திராவோடு கூட்டாக மீண்டும் வந்து, எஸ்கார்ட், ஐகான், பின்பு ஃபிகோ, இகோஸ்போர்ட் என்று தொடர்ந்தது. மறைமலைநகரில் செய்த இகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது நம் வட்டாரத் தொழிலாளர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் செய்தி. ஆனால் மாருதியும் ஹூண்டாயும் அடிக்கடி புது மாடல் இறக்கிய சந்தையில் ஃபோர்டின் மாடல்கள் குறைவு, ஆலைகளின் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தது, பராமரிப்புச் செலவு அதிகம் என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று கூறி 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். குஜராத்தின் சானந்த் ஆலை டாடாவிடம் போயிற்று, மறைமலைநகர் 2022-ல் ஓய்ந்தது. 2025 அக்டோபரில் தமிழக அரசோடு செய்த ஒப்பந்தத்தின்படி, 3,250 கோடி ரூபாய் முதலீட்டில், 2029 முதல் ஆண்டுக்கு 2.35 லட்சம் எஞ்சின்கள் இங்கே செய்யப்படும். கார் இல்லை, எஞ்சின் மட்டும்.

உங்கள் ஃபிகோ ஓடும்வரை ஓட்டுங்கள். சர்வீசும் உதிரிப் பாகங்களும் தொடர்ந்து கிடைக்கும் என்று நிறுவனம் உறுதி அளித்திருக்கிறது. விற்கப் போனால்தான், கடை மூடிய நிறுவனத்தின் வண்டி என்று தரகர் விலையை அடித்துப் பேசுவார்.