வெயில் காலத்தில் குடும்பத்தில் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தம்பி, நாங்கள் இருவர், மகள் என்று ஆறு பேர். மற்ற மாதங்களில் ஆளுக்கொரு மூலையில் இருப்போம். வெயில் ஏறிவிட்டால் ஏசி இருக்கும் ஒரே அறையில் அத்தனை பேரும் கூடிவிடுவோம். வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நாட்கள் இவைதான்.

தகராறு முதலில் ரிமோட்டில்தான் தொடங்கும். தம்பி வெளியிலிருந்து வந்ததும் 18-க்கு இறக்குவான், அம்மா போர்வை தேடுவார். 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பலரும் நம்புகிறார்கள். அறை சூடாக இருக்கும்வரை 18 வைத்தாலும் 26 வைத்தாலும் சாதாரண ஏசி ஒரே வேகத்தில்தான் ஓடும். எப்போது நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இதைப் புரியவைத்த பிறகு 26, கூடவே ஃபேன் என்று பேசி முடித்தோம். அம்மாவும் தம்பியும் ஒரே அறையில் நிம்மதியாக இருப்பது இதனால்தான்.

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. நம் மேல் இருக்கும் வியர்வையைச் சீக்கிரம் ஆவியாக்குகிறது, அந்த வியர்வை போகும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போகும். புழுக்கமான நாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, அதனால்தான் அந்த எரிச்சல். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் மோட்டார் சூடுதான் மிச்சம். வீடு முழுக்கச் சுற்றி சுவிட்சை அணைக்கும் அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

இன்னொரு விஷயம்: சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியே வருகிறது, பழைய குண்டு பல்பு மாதிரி. இதைக் கேட்ட நாளிலிருந்து யார் அறைக்குள் நுழைந்தாலும் "இன்னொரு பல்பு வந்தாச்சு!" என்று மகள் கூவுகிறாள். தாத்தா வந்தால் மட்டும் "பெரிய பல்பு". அவரும் அதற்காகவே கதவைத் தட்டிவிட்டு வருகிறார்.

பகலில் வீட்டைக் காப்பாற்றுவது அம்மா. மதியம் சாய்ந்ததும் மேற்குப் பக்க ஜன்னல்களை மூடித் திரையை இழுத்துவிடுவார். சாயங்கால வெயில் தாழ்வாக வருவதால் ஜன்னல் வழியே நேராக உள்ளே விழும். கண்ணாடியைத் தாண்டிவிட்ட சூட்டை உள்திரையால் ஓரளவுதான் தடுக்க முடியும். இயன்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நிழல் போடுங்கள், பலன் நன்றாகத் தெரியும். இரவில் நேர் எதிர். பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்த கான்கிரீட் கூரை அப்போதுதான் அதை உள்ளே இறக்கும். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வாசலில் போய் உட்காருவோம். அப்பா தன் சிறுவயதுக் கதைகளை எடுப்பது அங்கேதான். மற்ற மாதங்களில் அவரை அப்படிப் பேசவைக்க முடியாது.

பிள்ளைகளின் சண்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அனுபவத்தில் அதற்குப் பாதிக் காரணம் தூக்கக் குறைவு. நன்றாகத் தூக்கம் பிடிக்க உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும், சூடான அறையில் அது இறங்காது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிக்க வையுங்கள். தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி உள்சூடு வெளியேறும். மகள் இப்படிக் குளித்துவிட்டுத் தூங்கும் நாட்களில் மறுநாள் சித்தப்பாவோடு போடும் சண்டை பாதியாகக் குறைகிறது. உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள், ரிமோட் பஞ்சாயத்தை அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்.