82 சதவீதம் சார்ஜ் இருந்தும் கார் எழும்பவில்லை
மின்சார கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் கார் செத்துக் கிடக்கிறது. விட்டுப் போகும்போது 82 சதவீதம் சார்ஜ் இருந்தது. ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை, சார்ஜரைச் செருகினாலும் ஏறவில்லை. பெரிய பேட்டரியே போய்விட்டதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: பயப்படாதீர்கள். பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அந்தச் சார்ஜில் பெரும்பகுதி இன்னும் அப்படியே இருக்கும். படுத்துவிட்டது பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியாகத்தான் இருக்கும், பெட்ரோல் காரில் பார்க்கிறோமே அதே வகை. கதவுப் பூட்டு, விளக்கு, திரை, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அதைவிட முக்கியமாக, 300, 400 வோல்ட் இருக்கிற பெரிய பேட்டரியை வண்டி நிற்கும்போது மற்ற பாகங்களோடு இணைத்து வைப்பதில்லை, பாதுகாப்புக்காக இடையில் கான்டாக்டர் என்ற கனமான சுவிட்சுகள் துண்டித்து வைத்திருக்கும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் சீட்டுக்கு அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அது கான்டாக்டர் இணைகிற சத்தம். இணைவதற்கு 12 வோல்ட் வேண்டும். குதிர் நிறைய நெல் இருக்கிறது, சாவிதான் தொலைந்துவிட்டது. சார்ஜர் ஏறாததும் இதனால்தான், சார்ஜரோடு பேச வேண்டிய கம்ப்யூட்டரே தூங்கிவிட்டது.

ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தி இழுத்தால் உள்ளேயிருந்து இரும்புச் சாவி வரும். ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் சாவித் துவாரம் இருக்கும், சில கார்களில் அதன் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள், நெம்பி எடுங்கள். உள்ளே கால் பக்கத்தில் இருக்கிற பானெட் லீவர் பெரும்பாலான கார்களில் கம்பியால் இழுப்பதுதான், கரண்ட் இல்லாமலே திறக்கும். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் இருந்தால் சிவப்புக் கிளிப்பை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை பேட்டரியை விட்டுத் தள்ளி, பெயின்ட் அடிக்காத ஒரு போல்ட்டிலும் மாட்டிவிட்டு வண்டியை 'ரெடி'க்கு, அதாவது ஓட்டத் தயாரான நிலைக்குக் கொண்டு வாருங்கள். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிளை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், அதுதான் பெரிய பேட்டரியின் வழி. ரெடி விளக்கு எரிந்ததும் ஜம்ப் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரமாவது ரெடியிலேயே விடுங்கள், பெரிய பேட்டரி சின்னதை நிரப்பும். மறுநாள் காலையில் மறுபடி படுத்துவிட்டால் யோசிக்காமல் 12 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி: பெட்ரோல் காரில் செல்ஃப் இழுக்கிற சத்தத்திலேயே பேட்டரி டல் என்று தெரிந்துவிடும். இதில் எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது? (வாசகி, மதுரை)

பதில்: இந்தக் கேள்வியை மின்சார கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் அம்மா. பெட்ரோல் காரில் பேட்டரி சில நூறு ஆம்பியர் தள்ளி எஞ்சினைச் சுற்ற வேண்டும், அதனால் கொஞ்சம் தளர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அதற்கு அந்தப் பாரமே இல்லை. முக்கால்வாசி செத்த பேட்டரிகூடக் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும், ஒரு நாள் காலையில் அதுவும் முடியாமல் சட்டென்று நின்றுவிடும்.

போன வருடம் மே மாதம் என் வீட்டிலேயே நடந்தது. அம்மாவை விடிகாலை ஐந்தரைக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும், கதவே திறக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. வேதனை என்னவென்றால் இரண்டு வாரம் முன்னால்தான் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பேட்டரிக்கு நாலு வருடம் ஆகிறதே, பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "வார்னிங் எதுவும் வரலை சார், நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். டெஸ்டரை வைத்தே பார்க்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், சர்வீஸுக்கு விடும்போது 12 வோல்ட் பேட்டரியை லோடு டெஸ்ட் (பாரம் கொடுத்து வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது) செய்து அந்த ரீடிங்கை பில்லிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் பார்க்க, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிற சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவே பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு வண்டியைப் பூட்டிவிடுங்கள், கதவைத் திறந்தால் கம்ப்யூட்டர் எழுந்து ரீடிங் குறையும். காலையில் 12.6-க்கு மேல் காட்டினால் நல்லது. 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12-க்குக் கீழே போய்விட்டால் அதை நம்பி வெளியூர் போகாதீர்கள். (இது லெட் ஆசிட் பேட்டரிக்கான கணக்கு, லித்தியம் போட்டிருக்கிற கார்களுக்குப் பொருந்தாது.) நம் ஊர் வெயிலில் மூன்று வருடம் தாண்டியதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும், மதுரையில் மொட்டை வெயிலில் நிற்கிற வண்டிக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மகளைக் கூப்பிடப் பள்ளி வாசலில் தினமும் அரை மணி நேரம் காத்திருப்பேன். கரண்ட் மிச்சமாகட்டும் என்று ரெடிக்குப் போகாமல் பாட்டு மட்டும் கேட்பேன். சரியா? (வாசகர், வேலூர்)

பதில்: தலைகீழாகச் செய்கிறீர்கள். பெரும்பாலான கார்களில் ரெடிக்குப் போகாவிட்டால் பாட்டு, திரை, ஃபேன் எல்லாமே சின்னப் பேட்டரியைத்தான் உறிஞ்சும். இந்தக் காரில் ஆல்டர்னேட்டர் கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கிற டிசி-டிசி கன்வெர்ட்டர்தான் அந்த வேலையைச் செய்கிறது, அது ரெடியிலும் சார்ஜ் ஏறும்போதும் ஓடும். பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ரெடியிலேயே உட்காருங்கள்.

கேள்வி: மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் சிங்கப்பூர் போகிறோம். சார்ஜரைச் செருகியே விட்டுப் போகலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அதை நம்ப முடியாது. பெரிய பேட்டரி நிறைந்ததும் சார்ஜ் நின்றுவிடும், பல கார்களில் அதோடு கன்வெர்ட்டரும் தூங்கிவிடும். சில மாடல்கள் அவ்வப்போது தானே எழுந்து சின்னப் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும், உங்களுடையது அப்படியா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் பெரிய பேட்டரியை 50, 60 சதவீதத்தில் விட்டுவிட்டு, 10 எம்எம் ஸ்பேனரால் 12 வோல்ட்டின் மைனஸ் முனையைக் கழற்றித் துணி சுற்றி வைத்துவிட்டுப் போங்கள். கழற்றும் முன்னாலேயே இரும்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றாமல் போனால் டேஷ் கேமராவின் பார்க்கிங் மோடை நிறுத்துங்கள், அப்புறம் அங்கிருந்து நாளுக்குப் பத்து முறை ஆப்பைத் திறந்து காரைப் பார்க்காதீர்கள், நிறைய மாடல்களில் ஒவ்வொரு முறையும் அது எழுந்து பதில் சொல்லும், அந்தச் செலவும் சின்னப் பேட்டரியிலிருந்துதான்.

கேள்வி: புது பேட்டரி போட்டு மூன்றே வாரம், மறுபடி அதே கதை. பேட்டரி கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அவரைச் சந்தேகப்படும் முன்னால் ரெடியில் வைத்து மல்டிமீட்டரைப் பிடியுங்கள். பெரும்பாலும் 13.5-லிருந்து 14.7-க்குள் காட்ட வேண்டும், சில கார்கள் பேட்டரி நிறைந்ததும் 13-ஐ ஒட்டி இறக்கிக்கொள்ளும், அது கோளாறு இல்லை. 12.3 காட்டிக் கீழே போய்க்கொண்டே இருந்தால் கன்வெர்ட்டர் கரண்ட் கொடுக்கவில்லை, எத்தனை பேட்டரி மாற்றினாலும் தீராது. ஹூண்டாயின் ஐயோனிக் 5 மின்சார காரில் இந்த வேலையைச் செய்கிற ஐசிசியூ என்ற பாகத்தில் பிரச்சினை வந்து, 2024-இல் இந்தியாவில் மட்டும் 1,744 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். உங்கள் காரின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் இலவசமாகச் செய்து தர வேண்டும். ரெடியில் வோல்டேஜ் சரியாக இருந்தால், பின்னால் மாட்டிய கேமரா, ஆம்ப்ளிஃபயர் ஏதாவது இரவெல்லாம் உறிஞ்சுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புது பேட்டரி பழையது போலவே ஏஜிஎம் வகைதானா (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்ச வைத்து சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரி) என்பதையும் சரிபாருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு டீசல் வண்டிக்கு என் மின்சார காரிலிருந்து ஜம்ப் கொடுக்கலாமா? (வாசகர், கரூர்)

பதில்: கூடாது. டீசல் எஞ்சின் இழுக்கிற அவ்வளவு ஆம்பியருக்கு உங்கள் சின்னப் பேட்டரியும் கன்வெர்ட்டரும் செய்யப்பட்டவை அல்ல, நிறைய கையேடுகளில் வேண்டாம் என்றே போட்டிருக்கிறது. அவருக்கு ஜம்ப் ஸ்டார்ட்டரைக் கடன் கொடுங்கள்.