பகலில் பழகிய மாடலுக்கு இரவு வீடியோவைப் பழக்குவது

கேள்வி: சிட்டிஸ்கேப்ஸ் (நகரச் சாலைப் படத் தொகுப்பு) பகல் படங்களில் பயிற்சி பெற்ற செக்மென்டேஷன் மாடல் (ஒவ்வொரு பிக்சலும் சாலையா, காரா என்று வகுப்புப் பிரிப்பது) இரவு வீடியோவில் சாலையை ஓரளவு பிடிக்கிறது, கம்பம், சைக்கிள் எல்லாம் காணாமல் போகின்றன. வீடியோ பல மணி நேரம் இருக்கிறது, லேபிள் (எந்தப் பிக்சல் எந்த வகுப்பு என்ற சரியான விடை) ஒன்றுகூட இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஒன்றுகூட இல்லாமல் இறங்காதீர்கள். 50 ஃபிரேமுக்காவது கையால் லேபிள் போடுங்கள். பயிற்சிக்கு அல்ல, அளந்து பார்க்க. அவை வந்த வீடியோக்களைப் பயிற்சியில் சேர்க்கவே கூடாது. பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்கள் ஏறக்குறைய ஒரே படம், மதிப்பெண் பொய்யாக ஏறிவிடும்.

மாடலில் பேட்ச் நார்ம் (பயிற்சியில் சேமித்த சராசரி, மாறுபாடு கொண்டு இடைநிலை மதிப்புகளைச் சீராக்கும் அடுக்கு) இருந்தால், எடைகளை (மாடல் கற்ற எண்களை) தொடாமல் இரவு ஃபிரேம்களை ஓட்டி அதன் சராசரியையும் மாறுபாட்டையும் மட்டும் புதுப்பித்துப் பாருங்கள். சில நிமிட வேலைதான். லேயர் நார்ம் மாடல்கள் அப்படி எதையும் சேமிப்பதில்லை, அவற்றுக்கு இந்த வழி இல்லை.

பிறகு டீச்சர்–ஸ்டூடண்ட் முறை, அதாவது ஒரே மாடலின் இரண்டு நகல்கள்: டீச்சர் விடை தரும், ஸ்டூடண்ட் அதைக் கற்கும். டீச்சரின் எடை படிக்குப் படி 0.999 பங்கு பழையது, 0.001 பங்கு ஸ்டூடண்டுடையது. டீச்சர் தரும் போலி லேபிளை (விடையாக வைக்கும் அதன் கணிப்பை), நிறம் மாற்றி மங்கலாக்கிய அதே ஃபிரேமில் ஸ்டூடண்ட் கற்கும். பேட்சில் (ஒரு படியில் சேர்த்துக் கொடுக்கும் படங்களில்) பாதி, லேபிள் உள்ள பகல் படங்களாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் டீச்சரும் சேர்ந்து சரியும்.

வீடியோவின் பயன் போலி லேபிளைச் சலிப்பதில்தான். சில ஃபிரேம் முந்தைய கணிப்பை ராஃப்ட் போன்ற ஆப்டிகல் ஃப்ளோ மாடல் (ஒவ்வொரு பிக்சலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் எங்கே நகர்ந்தது என்று கணிப்பது) கொண்டு இப்போதைய ஃபிரேமுக்கு நகர்த்துங்கள். இரண்டும் ஒத்துப்போகாத பிக்சலுக்கு 255 (கணக்கில் கொள்ளாதே என்ற குறி) போட்டு லாஸிலிருந்து (பயிற்சியின் பிழைக் கணக்கிலிருந்து) விலக்கிவிடுங்கள். முன்னே போய்ப் பின்னே திரும்பும் ஃப்ளோ கிளம்பிய இடத்துக்கே வராத பிக்சலுக்கும் அதேதான், அங்கே ஏதோ மறைந்திருக்கிறது. லேபிளை நகர்த்தும்போது நியரஸ்ட் முறையே (மிக அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுப்பது) வேண்டும். பைலீனியர் (அக்கம்பக்க மதிப்புகளைக் கலந்து சராசரி எடுப்பது) வைத்தால் வகுப்பு எண் 11 (மனிதர்), 13 (கார்) எல்லையில் 12 முளைக்கும், அதாவது இல்லாத ஒரு ரைடர் (வண்டி ஓட்டுபவர்)! ஹெட்லைட் கூசும் இடங்களில் ஃப்ளோவையே நம்ப முடியாது. ஒளி மாறாது என்பது அதன் அடிப்படைக் கணக்கு.

இந்தச் சல்லடைக்குப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கறுப்பு வானத்தை மாடல் எல்லா ஃபிரேமிலும் கட்டடம் என்றே சொன்னால் அது சுலபமாகத் தேறிவிடும். அதைக் காட்டிக்கொடுப்பது அந்த 50 ஃபிரேம்தான். எல்லா வகுப்புக்கும் 0.9 என்று ஒரே நம்பிக்கை வரம்பும் வைக்காதீர்கள், கம்பம் முழுக்கக் கழிந்துவிடும். வகுப்புக்கு வகுப்பு நம்பிக்கை கூடிய பாதிப் பிக்சல்களை எடுங்கள். சராசரி ஐஓயு (கணிப்பும் சரியான விடையும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற மதிப்பெண்) ஏறினாலும் கம்பத்தின் ஐஓயு இறங்கத் தொடங்கினால் பயிற்சியை அங்கேயே நிறுத்தி, வரம்பைத் திருத்துங்கள்.