குடல்வால் வலி திரும்பினால் ஏழு வாரம் காத்திருக்க வேண்டுமா?

2021 மே மாதக் கோவிட் ஊரடங்கின்போது, அறுவை சிகிச்சை மருத்துவரான எனக்கு மும்பை தாராவியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். 26 வயதான அவருடைய தம்பிக்கு ஏப்ரல் 12-ஆம் தேதி இரவு கடுமையான வயிற்று வலி வந்தது. அருகிலுள்ள நர்சிங் ஹோமில் எடுத்த ஸ்கேனில் அது அப்பெண்டிசைட்டிஸ், அதாவது குடல்வால் அழற்சி என்று தெரிந்தது; குடல்வாலுக்குள் சிறு கல் ஒன்று இருப்பதாகவும் ரிப்போர்ட்டில் உள்ளது. ஆபரேஷனுக்கு முன் எடுத்த கோவிட் பரிசோதனை பாசிட்டிவ் என்று வரவே, நான்கு நாட்கள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, ஏழு வாரத்திற்கு எந்த ஆபரேஷனும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது வலி இல்லை. ஊரடங்குக்கு நடுவே மறுபடி வலி வந்தால் என்ன செய்வது, திருநெல்வேலி விலாசத்தில் இருக்கும் ஆதார் கார்டை ஏற்றுக்கொள்வார்களா, பெரிய மருத்துவமனையில் பெட் வாங்கித் தர 20 ஆயிரம் ரூபாய் கேட்பவரை நம்பலாமா என்பவை அவருடைய கேள்விகள். அன்று நான் எழுதிய பதில் இது.

முதலில் அந்த ஏழு வாரக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. 116 நாடுகளில் 1,40,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2021 மார்ச்சில் வெளியானது. கோவிட் வந்த ஏழு வாரத்திற்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்ததால், தள்ளிப்போடக் கூடியவற்றைத் தள்ளிப்போடுங்கள் என்று அது கூறியது. ஹெர்னியா எனும் குடலிறக்கமும், தொல்லை தராத பித்தப்பைக் கல்லும் தள்ளிப்போடக் கூடியவை. வீங்கிச் சீழ் பிடித்துக்கொண்டிருக்கும் குடல்வால் அப்படிப்பட்டதல்ல. உங்கள் தம்பிக்கு வலி திரும்பினால், அன்று மூன்றாவது வாரமா ஐந்தாவது வாரமா என்று எண்ணிக்கொண்டிராமல் உடனே கிளம்புங்கள்.

வலி திரும்ப வாய்ப்பு உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்து 2020 அக்டோபரில் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக் மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் சுமார் பத்துக்கு மூன்று பேருக்கு 90 நாட்களுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. குடல்வாலில் கல் இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தால் அது நூற்றுக்கு 41 பேர். உங்கள் தம்பி இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்த நர்சிங் ஹோம் ஊசி போட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. ஊசியோடு முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் உங்களை அனுப்பியிருந்தால் அதுதான் தவறு.

குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி அற்றுப்போகும், குமட்டும், இலேசான காய்ச்சல் வரும். இருமச் சொல்லி, எங்கே வலிக்கிறது என்று ஒரே விரலால் காட்டச் சொன்னால், விரல் வலது இடுப்பெலும்புக்கும் தொப்புளுக்கும் இடையில் போய் நிற்கும். இதைச் சூட்டு வலி என்று தொப்புளில் எண்ணெய் வைப்பதும், வாயு என்று விளக்கெண்ணெய் கொடுப்பதும் நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. பேதி மருந்து எதுவும் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கூடாது, மருத்துவர் பார்க்கும்வரை சாப்பிடவும் கூடாது. மணிக்கணக்கில் துடித்தவருக்குத் திடீரென்று வலி குறைந்து, பிறகு வயிறு முழுவதும் வலி பரவினால், குடல்வால் வெடித்திருக்கலாம். வலி தொடங்கி ஒன்றரை நாள் கடந்தபின் அந்த ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. காய்ச்சல் இருப்பதாகச் சொன்னால் தனிமை முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து காய்ச்சலை மறைப்பவர்களையும் 2020-இலிருந்து பார்க்கிறேன். மறைக்காதீர்கள், காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்து இருப்பதுதான் எங்களைச் சரியான இடத்தில் தேட வைக்கிறது.

ஊரடங்கு உங்களைத் தடுக்காது. மருத்துவ அவசரத்திற்காக வெளியே போவது, கட்டடம் சீல் வைக்கப்பட்டிருந்தாலும்கூட, எந்தக் கட்டத்திலும் தடை செய்யப்படவில்லை. ஆம்புலன்சுக்கு 108-ஐ அழையுங்கள். அது வரத் தாமதமானால் டாக்சியில் ஏறுங்கள். போலீசார் நிறுத்தினால் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினால் போதும். மாநகராட்சியின் வார்டு வார் ரூம் (கட்டுப்பாட்டு அறை) எண்களில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம். அவை கோவிட் படுக்கைகளை ஒதுக்குவதற்காக ஏற்பட்டவை. மாநகராட்சியின் சயான் மருத்துவமனை உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. நேராகக் கேஷுவால்டிக்கு, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் கேஸ் பேப்பர் (நோயாளிப் பதிவுச் சீட்டு) எடுத்து, சர்ஜரி டாக்டர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

கோவிட் ரிப்போர்ட் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று எந்த மருத்துவமனையாவது சொன்னால், அது விதிக்கு நேர் எதிரானது. பிரசவம் உட்பட எந்த அவசர சிகிச்சையையும் பரிசோதனை இல்லை என்பதற்காகத் தாமதிக்கக் கூடாது, மாதிரியை எடுத்து அனுப்பிவிட்டுச் சிகிச்சையைத் தொடரலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே மாதமே எழுத்தில் தந்துவிட்டது. ஆன்டிஜென் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். பாசிட்டிவ் என்றே வைத்துக்கொண்டு கவச உடை அணிந்து அறுவை சிகிச்சை செய்ய எங்களால் முடியும், செய்துகொண்டும் இருக்கிறோம். இருந்தும் இந்த நகரத்தின் வாசல்களில் இன்னமும் அந்தக் காகிதத்தைக் கேட்கிறார்கள். 2020-இல் என்னிடம் வந்த ஓர் இளைஞர் கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் பென்சிலால் எழுதியிருந்த மூன்று மருத்துவமனைப் பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கப்பட்டிருந்தன. மூன்று வாசல்களிலும் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நெற்றியில் காட்டிவிட்டு, ரிப்போர்ட்டோடு வா என்று திருப்பியிருக்கிறார்கள். ஒருவர்கூட அவருடைய வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. நான் வயிற்றைத் திறந்தபோது வலி தொடங்கி ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சீழ் இடுப்புக் குழிவரை இறங்கியிருந்தது. இரண்டு நாளில் வீடு திரும்ப வேண்டியவர் பதினாறு நாட்கள் படுத்துக் கிடந்தார். இதைக் கேட்க வேண்டிய அதிகாரிகள் சுற்றறிக்கை அனுப்பியதோடு தங்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள் என்பதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். உங்களிடம் 20 ஆயிரம் கேட்பவரிடம் விற்பதற்கு எதுவுமில்லை. மாநகராட்சி மருத்துவமனையில் அவசர நோயாளிக்குப் படுக்கை ஒதுக்குவது பணியிலிருக்கும் மருத்துவர். அதற்கு விலை கிடையாது. வாங்கிய பணத்துக்கு அவர் செய்யப்போவதெல்லாம், உங்களை அதே கேஷுவால்டி வரிசையில் நிறுத்திவிட்டு, அல்லது தனக்குக் கமிஷன் தரும் ஏதோ ஒரு சிறு நர்சிங் ஹோமுக்குத் திருப்பிவிட்டு, மறைந்துபோவதுதான். சில தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் இதையே செய்கிறார்கள். எந்த மருத்துவமனைக்குப் போகிறோம் என்பதை வண்டியில் ஏறுமுன் நீங்களே சொல்லுங்கள். நெகட்டிவ் ரிப்போர்ட் தயார் செய்து தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம். பொய்யான ரிப்போர்ட் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, கோவிட் உள்ள நோயாளிக்கு அது இல்லை என்று நம்பி மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரையும், தன் நுரையீரல் நிலை மருத்துவருக்குத் தெரியாமலே மயக்க மருந்து பெறும் உங்கள் தம்பியையும் அது சேர்த்தே ஆபத்தில் தள்ளும்.

திருநெல்வேலி ஆதாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோவிட் நோயாளியையே, அந்த ஊர் அடையாள அட்டை இல்லை என்று திருப்பக் கூடாது என மத்திய சுகாதார அமைச்சகம் 2021 மே 8-ஆம் தேதி கூறியுள்ளது. உயிர் காக்கும் முதற்சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. தனியார் மருத்துவமனைக்குத்தான் போக நேர்ந்தால், அது அறக்கட்டளை மருத்துவமனையா என்று கேளுங்கள். மகாராஷ்டிரத்தில் அத்தகைய மருத்துவமனைகள் பத்து சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் தர வேண்டும். அவசரத்தில் வரும் அத்தகைய நோயாளியிடம் டெபாசிட் கேட்கக் கூடாது. அங்குள்ள மருத்துவ சமூக சேவகரைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ரேஷன் கார்டு கையில் இருக்கட்டும்.

உடனே அறுவை சிகிச்சை என்பதற்கு ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊரடங்கில் தாமதமாக வருபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். வலி தொடங்கி நான்கைந்து நாட்கள் கழித்து வந்தால், சில நோயாளிகளுக்கு வலது அடிவயிற்றில் கையால் தொட்டுணரக் கூடிய கட்டி இருக்கும். வீங்கிய குடல்வாலைக் கொழுப்புத் திரையும் பக்கத்துக் குடல்களும் வந்து மூடிக்கொண்டு, சீழ் பரவாமல் உடல் தானே கட்டும் வேலி அது. அந்த நேரத்தில் கத்தி வைத்தால் ஒட்டிக்கொண்ட நல்ல குடலும் கிழிந்துவிடும். எனவே அங்கே உடனே அறுவை சிகிச்சை செய்யாமல், மருத்துவமனையில் படுக்க வைத்து இரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்து, கட்டியின் விளிம்பைத் தோலில் பேனாவால் குறித்துவைத்து, அது சுருங்குகிறதா என்று நாள்தோறும் பார்ப்போம். நடுவில் சீழ் சேர்ந்திருந்தால் ஸ்கேன் பார்த்துக் குழாய் வைத்து வடிப்போம். காய்ச்சலும் நாடித் துடிப்பும் ஏறி, கட்டியும் பெரிதானால்தான் திறப்போம். இப்படிச் சொன்னதும், பணம் இல்லாததால்தான் ஆபரேஷன் செய்ய மறுக்கிறீர்கள் என்று ஒரு தாய் என்னிடம் கண்ணீர் விட்டார்; மகனைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகவும் தயாரானார். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேனும் பார்த்துவிட்டுக் காத்திருப்போம் என்று சொன்னால், அது வாசலில் திருப்பி அனுப்புவதைப் போன்றதல்ல. நோயாளி மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறாரா என்பதுதான் வேறுபாடு.

வலி திரும்பாமலே இருந்தால், ஏப்ரல் 12-இலிருந்து ஏழு வாரம் மே 31-ஆம் தேதியோடு முடிகிறது. கல் இருப்பதால், அதன்பின் குடல்வாலை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அந்த வாரத்திலேயே ஸ்கேன் ரிப்போர்ட், நர்சிங் ஹோமின் டிஸ்சார்ஜ் தாள், ஏப்ரல் மாதக் கோவிட் ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு சர்ஜரி வெளிநோயாளிப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு இருமலோ மூச்சிரைப்போ மிச்சமிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். ஏழு வாரம் கடந்தும் அறிகுறிகள் நீடிப்பவர்களுக்குத் தேதியை இன்னும் தள்ளிவைப்போம்.