பாலிமர் கலந்த தார்: லேப் சோதனை கேள்வி பதில்

கே: பெனட்ரேஷன் 45, சாஃப்டனிங் பாயிண்ட் 62 டிகிரி. லோடை இறக்கிக்கொள்ளலாமா சார்?

ப: அவசரப்படாதீர்கள். தாரில் ஊசி எவ்வளவு இறங்குகிறது (பெனட்ரேஷன்), எந்தச் சூட்டில் தார் இளகிக் குண்டு விழுகிறது (சாஃப்டனிங் பாயிண்ட்) என்பது தார் எவ்வளவு கெட்டி என்றுதான் சொல்லும். காற்றூதிக் கெட்டியாக்கிய வெறும் தாரிலும் இப்படி எண் வரவைக்கலாம். இழுத்த தார் எவ்வளவு திரும்பிச் சுருங்குகிறது என்கிற எலாஸ்டிக் ரெகவரி பாருங்கள். தாரை இழையாக இழுக்கும் டக்டிலிட்டி மெஷினில் 15 டிகிரி தண்ணீரில், நிமிடத்துக்கு 5 செ.மீ. வேகத்தில் 10 செ.மீ. இழுத்து, நடுவில் கத்தரித்து, ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். வெட்டிய முனைகள் தொடும்வரை மெல்ல நகர்த்தி அளந்து, இழுத்த 10 செ.மீ.யில் 2.5 செ.மீ. மட்டும் மீந்தால் ரெகவரி 75 சதவீதம். நல்ல எஸ்பிஎஸ் (ரப்பர் போன்ற பாலிமர்) கலந்த தார் வெட்டியதுமே சுருங்க ஆரம்பிப்பது கண்ணுக்குத் தெரியும். இழை அடியில் போய் உட்கார்ந்தால் தண்ணீரில் உப்பு சேருங்கள்.

கே: ஒரே டிரம், இரண்டு லேப், இரண்டு ரிசல்ட்?

ப: சாம்பிளைக் கலக்காமல் ஊற்றியிருப்பார்கள். சூட்டில் சும்மா நின்றால் பாலிமர் மேலே ஏறிவிடும். ஏறுகிறதா என்று பார்க்க, குழாயில் ஊற்றி 163 டிகிரி ஓவனில் நிற்கவைத்து, உறையவைத்து, மூன்றாக வெட்டுங்கள். மேல் துண்டுக்கும் கீழ்த் துண்டுக்கும் சாஃப்டனிங் பாயிண்ட் 3 டிகிரிக்கு மேல் விலகக்கூடாது.

கே: சூட்டில் தாரை முறுக்கி விறைப்பை அளக்கும் டிஎஸ்ஆர் மெஷின் அவசியமா?

ப: பாலிமர் கலந்த தாருக்கான (பிஎம்பி) இந்தியத் தரநிலை ஐஎஸ் 15462, 2019இல் திருத்தியபோது, கிரேடு பெயரே பிஎம்பி 76-10 என்று வெப்பநிலையை வைத்துத்தான். மெஷின் இல்லாமல் எப்படி? ஒரு நொடி அழுத்தி ஒன்பது நொடி விடும் எம்எஸ்சிஆர் சோதனையும் அந்த மெஷினில்தான். லாரி போன தடம் எவ்வளவு தங்கும் என்பது அங்கே தெரியும்.

கே: மதுரை பிளாஸ்டிக் ரோட்டுக்கும் இதே சோதனைகளா?

ப: இல்லை. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வாசுதேவன் முறையில், சூடான ஜல்லி மேல்தான் பிளாஸ்டிக் துகள் உருகிப் படிகிறது, தார் பிறகு. தாரைச் சோதித்தால் வெறும் தார்தான் தெரியும். ஜல்லியில் தார் உரிகிறதா என்றும், கலவையின் பலத்தைச் சோதிக்கும் மார்ஷலும் பாருங்கள்.

கே: பிளாஸ்டிக்கும் பாலிமர்தானே? வித்தியாசம் கம்பெனிக்காரர்கள் கிளப்பியது!

ப: கேரி பேக்கை இழுத்துப் பாருங்கள், ரப்பர் பேண்டையும் இழுத்துப் பாருங்கள். பாலிஎதிலீன் கெட்டியாக்கும், திரும்பி வராது. அந்த முறை மோசம் என்று நான் சொல்லவில்லை. ஜல்லியில் தண்ணீர் புகாமல் தடுப்பது அதன் பலம். அதற்கு பிஎம்பி சர்டிஃபிகேட் கேட்பதுதான் தப்பு.

கே: அப்போ தாரிலேயே பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்தால்?

ப: அது வேறு முறை. பிளாஸ்டிக் பிரியாமல் நிற்கிறதா என்று அதே குழாய் சோதனையைச் செய்யுங்கள். பெரும்பாலும் மேலே மிதக்கும்.

கே: பெனட்ரேஷன் 50, சாஃப்டனிங் 61. ஓகேவா?

ப: முதல் பதில். கலக்கினீர்களா?

கே: மொட்டை மாடி ஒழுகலுக்கு இந்தத் தார் பூசலாமா?

ப: வாட்டர்ப்ரூஃபிங் ஆளைக் கேளுங்கள்.

கே: மூன்று தடவை சூடாக்கிய சாம்பிளில் ரெகவரி குறைகிறது, ஏன்?

ப: எஸ்பிஎஸ் சங்கிலி சூட்டில் அறுந்துபோகிறது. புது சாம்பிள் எடுங்கள். கலக்குங்கள்.