பள்ளி நாடகத்தில் நடிப்பதால் பிள்ளைகளுக்கு என்ன லாபம்? படிப்புதானே கெடும்?

மேடைக் கூச்சம் போய்விடும், தன்னம்பிக்கை வரும் என்றுதான் பெரும்பாலானவர்கள் பதில் சொல்வார்கள். பள்ளியில் பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டுவரும் ஆசிரியராகச் சொல்கிறேன், கூச்சம் முழுசாகப் போவதில்லை. நன்றாக நடிக்கிற பிள்ளைக்கும் திரை விலகுமுன் உள்ளங்கை வியர்க்கத்தான் செய்கிறது. வியர்த்தாலும் பரவாயில்லை, போய்ப் பேசிவிடலாம் என்பது பிடிபடுகிறது, அவ்வளவுதான். நான் கண்ட பெரிய லாபம் வேறு. எதிரே இருப்பவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகுகிறார்கள்.

ஒத்திகை தொடங்கிய புதிதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. தன் முறை எப்போது வரும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நிற்பார்கள். ஒரு நாடகத்தில் அம்மா, "எங்கடா போயிருந்தே?" என்று கேட்க, மகன் "லைப்ரரிக்கும்மா" என்று பொய் சொல்ல வேண்டும். அம்மாவாக நடித்த மாணவியைத் தனியாகக் கூப்பிட்டு, வசனத்தை மாற்றச் சொன்னேன். அவளும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "யாருடா உன் சட்டையைக் கிழிச்சது?" என்றாள். பையன் கொஞ்சமும் யோசிக்காமல், "லைப்ரரிக்கும்மா!" என்றான். மொத்தக் குழுவும் விழுந்து விழுந்து சிரித்தது, அவனும் சேர்ந்துதான். அதற்கப்புறம் அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். அவள் கோபமாகக் கேட்டால் பொய் தடுமாறி வந்தது, அன்பாகக் கேட்டால் சரளமாக வந்தது. அப்படிச் செய் என்று நான் சொல்லித்தரவில்லை.

மனப்பாடம் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெல்கா நோய்ஸ், டோனி நோய்ஸ் என்ற தம்பதி, நடிகர்கள் இவ்வளவு வசனத்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். தேர்ந்த நடிகர்கள் வரியை உருப்போடுவதைவிட, இந்த இடத்தில் இந்த ஆள் ஏன் இதைச் சொல்கிறான், அவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் தேடுகிறார்கள். காரணம் புரிந்தால் வரி தானாக ஒட்டிக்கொள்கிறது. நெட்டுரு போட்டே பழகிய பிள்ளைக்கு இது புது அனுபவம்.

அதற்காக, நாடகத்தில் சேர்த்தால் மதிப்பெண் ஏறும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கிளென் ஷெல்லன்பெர்க் என்ற உளவியலாளர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் 144 ஆறு வயதுக் குழந்தைகளைக் கீபோர்டு, குரலிசை, நாடகம், எதுவும் இல்லை என்று நான்கு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தார். நுண்ணறிவுச் சோதனையில் சற்றே கூடுதலாக முன்னேறியவர்கள் இசை கற்றவர்கள். மற்றவர்களோடு இணங்கிப் பழகுவதில் தெளிவான முன்னேற்றம் காட்டியவர்கள் நாடகக் குழந்தைகள். ஒத்திகை அறையில் நான் பார்ப்பதும் இதைத்தான். படிப்பு கெடுமா என்றால், தேர்வை ஒட்டி ஒத்திகை வைத்தால் கெடும். அது நாள் குறித்தவர் தவறு.

மேடை ஏறாத பிள்ளைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாம் காட்சியில் மேசை இழுப்பறைக்குள் ஒரு கடிதம் இருக்க வேண்டும், அதை வைப்பது ஒரு மாணவியின் வேலை என்று வையுங்கள். தேர்வில் மறந்தால் மதிப்பெண் அவளுக்கு மட்டும் குறையும். இங்கே அவள் மறந்தால், மேடையில் இழுப்பறையைத் திறக்கிறவன் விழிப்பான், காட்சியே படுத்துவிடும். தன்னை நம்பி இத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை வகுப்பறையில் உணர வாய்ப்பே கிடைக்காத பிள்ளை, இங்கே உணர்கிறாள். வகுப்பில் வாயே திறக்காத சிலர் விளக்கு, ஒலி, பொருட்கள் என்று பொறுப்பெடுத்து, தாமதமாக வரும் கதாநாயகனையே அதட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் எல்லாப் பள்ளி நாடகத்திலும் நடக்குமா என்றால், நடக்காது. வசனத்தை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து ஓடவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பார்க்கப் பிசிறில்லாமல் இருக்கும், வீடியோவும் நன்றாக வரும். ஆனால் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, தடுமாறினால் சமாளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வருடா வருடம் அதே நாலு பேருக்கு முக்கிய வேடம், மற்றவர்கள் மரமாக நிற்பது இன்னொரு வியாதி. உங்கள் பிள்ளையை நாடகத்தில் சேர்க்குமுன் பள்ளியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிள்ளைகள் சொந்தக் குரலில் பேசுகிறார்களா? போன வருடம் மரமாக நின்றவருக்கு இந்த வருடம் வசனம் உண்டா?